கார்மோ சதுக்கத்துத் தரைக்கல்: ஜனநாயகம் கொண்டுவந்த ராணுவ அதிகாரிகளுக்கு நினைவுச்சின்னம் வைக்கலாமா?

காவிரிக்கரையான் எழுதியது:

பக்கத்து இழையில் ஒருவர், "ராணுவத்தான் கைக்குப் போன ஆட்சி திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை" என்று எழுதியிருந்தார். பெரும்பாலான நாடுகளுக்கு அது பொருந்தும். ஆனால் திரும்பி வந்த இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போர்ச்சுகல், 1974 ஏப்ரல் 25. 1926-இல் தொடங்கிய சர்வாதிகாரம் அன்று ஒரே நாளில் விழுந்தது. சலசார் 1932 முதல் 1968 வரை பிரதமராக இருந்து நாட்டைக் கைக்குள் வைத்திருந்தார். அவர் உடல்நிலை கெட்டதும் மார்செலோ கேட்டானோ அந்த நாற்காலிக்கு வந்தார். பத்திரிகைத் தணிக்கை, ரகசியப் போலீஸ், அரசியல் கைதிகளுக்கென்றே சிறைகள் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. அப்புறம் ஆப்பிரிக்காவில் மூன்று போர்கள்: அங்கோலாவில் 1961 முதல், கினியில் 1963 முதல், மொசாம்பிக்கில் 1964 முதல். பிள்ளைகள் பதினெட்டு இருபது வயதில் கப்பலேறிப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. ராணுவத்துக்குப் போகாமல் தப்பிக்க எல்லை தாண்டி பிரான்சுக்கு ஓடியவர்கள் அதைவிட அதிகம்.

இதை முடித்து வைத்தவர்கள் ஜெனரல்கள் இல்லை. கேப்டன், மேஜர் அளவில் இருந்த நடுத்தர அதிகாரிகள். முப்பதை ஒட்டிய வயது. 24-ஆம் தேதி ராத்திரி வானொலியில் இரண்டு பாட்டுகள் ஒலிபரப்பானதுதான் சமிக்ஞை. விடிவதற்குள் வானொலி நிலையங்கள், விமான நிலையம், ராணுவத் தலைமையிடங்கள் அவர்கள் கைக்கு வந்துவிட்டன.

இதில் நான் குறிப்பாகப் பேச நினைப்பது ஒருவரைப் பற்றி. சல்கெய்ரோ மாயா, கேப்டன், வயது 29. லிஸ்பனுக்கு வடகிழக்கே இருக்கும் சான்டரெம் குதிரைப்படைப் பள்ளியில் இருந்தவர். நடுராத்திரியில் வீரர்களை எழுப்பி மைதானத்தில் நிறுத்தி, "என்னோடு வர விரும்புகிறவர்கள் வாருங்கள், லிஸ்பனுக்குப் போய் இதை முடித்துவிடுவோம். விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இருக்கலாம்" என்ற பொருளில் பேசினார். ஏறக்குறைய 240 பேர் வரிசையில் வந்து நின்றார்கள். அன்று மாலை கார்மோ சதுக்கத்தில், ஆயுதப் போலீஸ் தலைமையகத்துக்குள் ஒளிந்திருந்த கேட்டானோவைச் சரணடைய வைத்ததும் இவர்தான்.

இன்று அதே சதுக்கத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பீடமோ குதிரையோ வாளோ கிடையாது. தரையோடு தரையாகப் பதித்த ஒரு வட்டக் கல், அவ்வளவுதான். சான்டரெமில் சிலையும் உண்டு. ஆனால் எனக்கு அந்தத் தரைக்கல்தான் சரியான மரியாதையாகப் படுகிறது. அவர் ஆட்சியைப் பிடித்ததற்காக அல்ல, பிடித்த அன்றே அதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் படைமுகாமுக்குத் திரும்பியதற்காக நினைக்கப்பட வேண்டியவர்.

ஆட்சியைத் தூக்கி எறிந்த ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு ஜனநாயக நாடு நினைவுச்சின்னம் வைக்கலாமா? வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

ஓய்வுபெற்றவன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் ஜியா உல் ஹக் வந்தபோது 90 நாளில் தேர்தல் என்றார். 1988-இல் விமான விபத்தில் சாகும்வரை நகரவில்லை. பர்மாவில் 1962-இல் நே வின் வந்தார், அந்த நாடு இன்னும் அந்தக் குழியிலிருந்து ஏறவில்லை. இவர்கள் எல்லோருமே தங்களை மீட்பர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

காவிரி, நீங்களே 1926 என்று எழுதியிருக்கிறீர்கள். 1926-இல் போர்ச்சுகலின் குடியரசைக் கவிழ்த்துச் சர்வாதிகாரத்துக்கு வழி திறந்தது யார்? அதே ராணுவம்தான். 48 வருடம் கழித்து அவர்களே கட்டிய பூட்டை அவர்களே திறந்ததற்கு மாலை போடுவதா? நாளைக்கு இன்னொரு கேப்டன் அந்தக் கல்லைப் பார்த்து, "எனக்கும் ஒரு கல் கிடைக்கும்" என்று கிளம்பினால் என்ன செய்வீர்கள்? ராணுவத்தானுக்குச் சிலை வைப்பது, அரசியலில் தலையிடுவது நல்ல காரியம் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்பதாகும்.

---

பழையரேடியோ எழுதியது:

ஓய்வுபெற்றவன் ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அன்று காலை நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாயாவின் படை விடிகாலை ஆறு மணி வாக்கில் டேகஸ் நதிக்கரையில் இருக்கும் பெரிய சதுக்கத்துக்கு வந்துவிட்டது. அமைச்சகங்கள் எல்லாம் அங்கேதான். (வரும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் படை வாகனம் நின்றுவிட்டதாம். ஆட்சியைக் கவிழ்க்கப் போகிறவர்கள் சாலை விதியை மீறவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது.) கொஞ்ச நேரத்தில் அரசுக்கு விசுவாசமான படை எதிரே வந்தது. நதியை ஒட்டிய ரிபெய்ரா தஸ் நாவுஸ் சாலையில் எம்47 டாங்கிகள். மாயாவிடம் இருந்த கவச வண்டிகள் அவற்றின் முன்னால் நிற்கக்கூட முடியாது. நதியில் ஒரு போர்க்கப்பல் வேறு, பீரங்கியோடு.

மாயா என்ன செய்தார்? கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பை நோக்கித் தனியாக நடந்தார். பேச வேண்டும், அதற்காக. சட்டைப்பையில் ஒரு கையெறி குண்டு. பிடித்துவிட்டால் உயிரோடு அகப்படக் கூடாது என்று.

எதிரே இருந்த பிரிகேடியர் சுடச் சொல்லி உத்தரவிட்டார். டாங்கியில் இருந்த இளம் அதிகாரி மறுத்தார். அவரை அங்கேயே கைது செய்தார்கள். அடுத்து டாங்கியின் பீரங்கிக்குப் பொறுப்பான கார்ப்பரலிடம் நேரடியாகவே உத்தரவு போனது. சுடாவிட்டால் உன்னைச் சுடுவேன் என்கிற நிலை. அந்தப் பையன் டாங்கிக்குள் இறங்கி மேல்மூடியைச் சாத்திக்கொண்டான். சுடவில்லை. நதியில் நின்ற போர்க்கப்பலும் சுடவில்லை.

அவ்வளவுதான். சர்வாதிகாரம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன். மிச்சமெல்லாம் சம்பிரதாயம்.

அந்தக் கார்ப்பரல் யார் என்று ஏறக்குறைய 40 வருடம் யாருக்கும் தெரியாது. படைச் சேவை முடிந்து ஊருக்குப் போய்த் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். என்னைக் கேட்டால், நினைவுக்கல்லில் கேப்டனுக்கு எவ்வளவு இடமோ, சுட மாட்டேன் என்று இருந்தவர்களுக்கும் அவ்வளவு இடம் வேண்டும்.

---

நெய்தல் எழுதியது:

பழையரேடியோ அண்ணா, அந்த டாங்கிச் சம்பவத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இந்த இழையில் விட்டுப்போன ஒரு தரப்பைப் பேசாமல் நகர முடியாது.

இந்தக் கேப்டன்களுக்கு ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? ஆப்பிரிக்கர்கள். கினி-பிசாவில் அமில்கார் கப்ரால் தலைமையில் நடந்த போர் போர்ச்சுகல் ராணுவத்தைத் திணற அடித்துவிட்டது. 1973 ஜனவரியில் கப்ராலைக் கொனாக்ரியில் கொன்றார்கள். அதற்கப்புறமும் போர் நிற்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் அவர் இயக்கம் சுதந்திரத்தை அறிவித்துவிட்டது. அங்கே சேவை செய்த அதிகாரிகள்தான், இந்தப் போரை ஜெயிக்க முடியாது, அரசியல் தீர்வுதான் வழி என்பதைக் கண்கூடாகப் பார்த்தவர்கள். மாயாவே மொசாம்பிக்கிலும் கினியிலும் இருந்தவர்தான்.

1972 டிசம்பரில் மொசாம்பிக்கின் விரியாமுவில் போர்ச்சுகல் படைகள் ஒரு கிராமத்தையே கொன்று குவித்தன. பாதிரியார்கள் மூலம் செய்தி வெளியே வந்தது. அடுத்த வருடம் கேட்டானோ லண்டன் போனபோது அது உலகச் செய்தியானது. ஏப்ரல் 25-க்கு முன்னால் ராணுவம் என்றால் இதுதான். லிஸ்பனில் பூவைத் துப்பாக்கியில் செருகிய படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாம் இதை மறந்துவிடக் கூடாது.

நினைவுச்சின்னம் வையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லின் கதை லிஸ்பனில் தொடங்குவதாகச் சொன்னால் அது பாதிக் கதை. 13 வருடம் ஆப்பிரிக்கக் காடுகளில் செத்தவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் அந்த வண்டிகள் லிஸ்பனுக்குள் வந்தன.

---

காவிரிக்கரையான் எழுதியது:

நெய்தல், முழுவதும் ஏற்கிறேன். அந்த அதிகாரிகளும் அதை ஏற்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய திட்டத்தில் மூன்று வாக்குறுதிகள்: ஜனநாயகம், காலனிகளுக்கு விடுதலை, வளர்ச்சி. கேட்டானோ சரணடைந்தபோது ஆட்சியைப் பெற்றுக்கொண்ட ஜெனரல் ஸ்பினோலா, காலனி விடுதலை விஷயத்தில் இழுத்தடிக்கப் பார்த்தார். அவருக்குக் கூட்டாட்சி மாதிரி ஏதோ ஒரு ஏற்பாடு போதும். இளம் அதிகாரிகள் விடவில்லை. 1974 செப்டம்பரில் கினி-பிசாவை லிஸ்பன் அங்கீகரித்தது. 1975 ஜூனில் மொசாம்பிக், ஜூலையில் கேப் வெர்டே, நவம்பரில் அங்கோலா என்று வரிசையாக விடுதலை வந்தது.

அதற்கப்புறம் அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் நடந்த உள்நாட்டுப் போர்கள் தனிக்கதை, பெரிய துயரம். அதற்குத் தனி இழை வேண்டும்.

---

ஓய்வுபெற்றவன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கேப்டன்கள் இயக்கம் எதற்காக ஆரம்பித்தது என்று யாரும் சொல்லவில்லையே.

1973-இல் அரசு ஓர் ஆணை போட்டது. கட்டாயச் சேவைக்கு வந்த தற்காலிக அதிகாரிகள் ஒரு குறுகிய பயிற்சி முடித்தால் நிரந்தர அதிகாரிகளோடு பதவி வரிசையில் வந்து உட்காரலாம். போருக்கு அதிகாரிகள் போதவில்லை, அதனால் அந்த ஆணை. நிரந்தர அதிகாரிகளுக்குக் கோபம் வந்தது. 1973 செப்டம்பரில் அலென்டெஜோவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூடிய முதல் பெரிய கூட்டமே இந்தப் பதவி உயர்வுப் பிரச்சினைக்காகத்தான். நான் அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். சீனியாரிட்டிப் பட்டியலுக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் போய் ஜனநாயகப் போர் என்று பெயர் சூட்டுவதா?

இன்னொன்று. 1974 ஏப்ரலுக்கும் 1975 நவம்பருக்கும் நடுவே அந்த நாடு பட்ட பாடு. ஒன்றரை வருடத்தில் ஆறு இடைக்கால அரசுகள். ஸ்பினோலாவே 1975 மார்ச்சில் கலகம் செய்து பார்த்துத் தோற்று ஸ்பெயினுக்கு ஓடினார். வங்கிகள் தேசியமயம், நிலங்கள் கைப்பற்றல், அதிகாரிகளுக்குள்ளேயே கோஷ்டிகள். ஏப்ரல் 25 திட்டத்தை வகுத்தவர் ஒட்டெலோ. அவர் பின்னாளில் ஓர் ஆயுதக் குழுவோடு தொடர்புடைய வழக்கில் சிறைக்குப் போனார். அந்தக் குழு ஆட்களைக் கொன்றது. இவருக்கும் சேர்த்துத்தானே உங்கள் நினைவுச்சின்னம்?

---

தேர்தல்பிரியன் எழுதியது:

ஐயா எழுதிய தகவல்கள் சரியானவைதான். அதிலிருந்து அவர் போகும் முடிவுக்குத்தான் நான் வர மாட்டேன்.

சீனியாரிட்டியில் தொடங்கியது என்பது உண்மை. அரசு பயந்துபோய் அந்த ஆணையைப் பின்வாங்கிவிட்டது. பதவி உயர்வு மட்டும்தான் நோக்கம் என்றால் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு பட்டியலைவிட்டுப் போருக்கும், போரிலிருந்து ஆட்சிக்கும் நகர்ந்தது. மேஜர் மெலோ அன்ட்யூனஸ் என்றொருவர், படிப்பாளி. அரசியல் திட்டத்தை எழுதியதில் முக்கியப் பங்கு அவருக்கு. சொந்தக் குறையில் தொடங்கி நாட்டின் குறைக்கு வந்து சேர்வது பல போராட்டங்களின் வழிதான்.

அடுத்தது தேர்தல். ஐயா ஜியாவின் 90 நாளைச் சொன்னார். இவர்கள் ஒரு வருடத்துக்குள் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் என்றார்கள். 1975 ஏப்ரல் 25, சரியாக அதே நாளில் நடத்தினார்கள். 91 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவு. ஓட்டுச் சாவடி வாசல்களில் மணிக்கணக்கில் வரிசை. வாழ்நாளில் ஒரு தடவைகூட நிஜத் தேர்தலைப் பார்க்காத கிழவிகள் கறுப்புத் துணியில் நின்றார்கள்.

அந்தத் தேர்தலில் ராணுவத்தில் தீவிரமாக இருந்தவர்களுக்குப் பிடித்தமான முடிவு வரவில்லை என்பதை இங்கே யாரும் கவனிக்கவில்லை. இயக்கத்தில் சிலர், யாருக்குப் போடுவது என்று தெரியாதவர்கள் வெற்றுச் சீட்டுப் போடுங்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். மக்கள் கேட்கவில்லை. மிதவாதச் சோஷலிஸ்டுகள் 38 சதவீதம் அளவில் முதலிடம், கம்யூனிஸ்டுகள் 12 சொச்சம்தான். அந்த ஒரு வருடத்துக்குள் ராணுவத்தின் கையில் துப்பாக்கி இருந்தது, மக்கள் கையில் எண்ணிக்கை இருந்தது. 1975 நவம்பர் 25-இல் தீவிரக் கோஷ்டியின் எழுச்சியை மிதவாத அதிகாரிகள் அடக்கியபோது, அந்த எண்ணிக்கைதான் அவர்களுக்குப் பலம். 1976 ஏப்ரலில் அரசியல் சாசனம். 1982-இல் அதைத் திருத்தி, ராணுவ அதிகாரிகள் உட்கார்ந்திருந்த புரட்சிக் குழுவையே கலைத்தார்கள். கலைப்பதற்கு ராணுவம் வழிவிட்டது. ஐயா, பாகிஸ்தானில் இதற்கு நிகரான ஒரு வருடத்தைக் காட்டுங்கள்.

ஒட்டெலோ பற்றி: 2021-இல் அவர் இறந்தபோது போர்ச்சுகலிலேயே இந்தச் சண்டை நடந்தது. ஏப்ரல் 25-க்காக அவரைப் போற்றியவர்களும் இருந்தார்கள், பின்னால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களை நினைத்து வாயை மூடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அரசு தேசிய துக்கம் அறிவிக்கவில்லை. எல்லோரையும் ஒரே கல்லில் அடக்க முடியாது என்று அந்த நாட்டுக்கே தெரிந்திருக்கிறது.

---

மாண்டோவி எழுதியது:

நான் கோவாவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கதையில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு, அதை யாரும் தொடவில்லை.

1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் வந்தபோது அங்கே போர்ச்சுகலின் கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா. அவரிடம் மூவாயிரத்துச் சொச்சம் வீரர்கள், பழைய ஆயுதங்கள், விமானப்படை கிடையாது. லிஸ்பனிலிருந்து சலசார் தந்தி அனுப்பினார்: சரணடையக் கூடாது, எங்கள் வீரர்கள் ஜெயிக்க வேண்டும் அல்லது சாக வேண்டும் என்ற அர்த்தத்தில். வசாலோ இ சில்வா அதற்குக் கீழ்ப்படியவில்லை. இரண்டு நாளுக்குள் சரணடைந்தார். பழைய கோவாவின் தேவாலயங்களும் பஞ்சிம் வீடுகளும் இன்று முழுசாக நிற்பதற்கு அவருக்கும் பங்கு இருக்கிறது. அவரும் வீரர்களும் 1962 மே வரை இங்கே கைதிகள்.

ஊருக்குத் திரும்பியவர்களுக்குக் கிடைத்தது அவமானம். வசாலோ இ சில்வாவை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். "முடியாத போருக்கு எங்களை அனுப்பிவிட்டு, தோற்றால் பழியை எங்கள் தலையில் போடுவார்கள்" என்ற எண்ணம் போர்ச்சுகல் அதிகாரிகள் மனதில் அன்றைக்கே விழுந்துவிட்டது. கினியிலும் அதேதான் நடக்கப்போகிறது என்று 1973-இல் அவர்கள் பேசிக்கொண்டபோது, கோவாதான் முன்னுதாரணம்.

1974-க்குப் பிறகு புதிய அரசு அவருக்குப் பதவியையும் மரியாதையையும் திரும்பக் கொடுத்தது. அதே வருடக் கடைசியில் கோவா இந்தியாவின் பகுதி என்பதையும் ஏற்றுக்கொண்டது. வீணாகச் சாக மறுத்த ஒரு அதிகாரியும், வீணாகச் சுட மறுத்த ஒரு கார்ப்பரலும். நினைவுச்சின்னம் இவர்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் வேண்டும்.

---

நெய்தல் எழுதியது:

மாண்டோவி, இது எனக்குத் தெரியாத பக்கம். நன்றி. உத்தரவுக்குக் கீழ்ப்படியாததற்காக ஒரு ராணுவத்தானைப் பாராட்டும் கல் உலகத்தில் எத்தனை இருக்கும்?

---

ஆசிரியை_மதுரை எழுதியது:

மாயாவுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். இந்தக் கதையில் எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் அதுதான்.

புரட்சிக் குழுவில் இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். ஆளுநர் பதவி, வெளிநாட்டுத் தூதரக வேலை, எல்லாவற்றையும் மறுத்தார். படைமுகாமே போதும் என்றார். 1975 நவம்பருக்குப் பிறகு அவரை அசோர்ஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கிடைத்தது ராணுவச் சிறை நிர்வாகம். நாட்டுக்குச் செய்த சிறப்புச் சேவைக்கென்று ஒரு ஓய்வூதியம் உண்டு. எண்பதுகளின் கடைசியில் அவருக்காக அது கேட்கப்பட்டபோது அரசு தரவில்லை. அப்போது பிரதமர் கவாக்கோ சில்வா. 1992-இல் தெரியவந்த செய்தி இன்னும் கொடுமை: அதே மாதிரி ஓய்வூதியம் பழைய ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேருக்குக் கிடைத்திருந்தது. சித்திரவதைக்குப் பேர்போன அந்தப் போலீசின் ஆட்களுக்கு! நாடே கொதித்தது.

அந்த வருடம் ஏப்ரல் 4-ஆம் தேதி மாயா புற்றுநோயில் இறந்தார். 47 வயது. பிறந்த ஊரான காஸ்டெலோ தெ விடேயில், அவர் விருப்பப்படியே, பகட்டில்லாத சாதாரண மண் சமாதி. செத்த பிறகுதான் பதக்கங்களும் சிலைகளும் வந்து சேர்ந்தன. 2009-இல் தேசிய நாள் விழா சான்டரெமில் நடந்தபோது, ஜனாதிபதி மாயாவின் சிலைக்கு மலர்வளையம் வைத்தார். அந்த ஜனாதிபதி அதே கவாக்கோ சில்வா.

அதனால் ஓய்வுபெற்றவன் ஐயா, இந்தக் கல்லைப் பார்த்து இன்னொரு கேப்டன் ஆசைப்படுவார் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைப் படித்தால் பதவி ஆசை உள்ள எவனும் அந்தப் பக்கம் போக மாட்டான். என் மாணவர்களுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

---

ஓய்வுபெற்றவன் எழுதியது:

டீச்சர், அந்த ஓய்வூதியச் செய்தி மனதை அறுக்கிறது. ஓய்வூதியக் கோப்புக்காக அலைந்த மனிதர்களைப் பார்த்தவன் நான்.

என் எதிர்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் குறுக்கிக் கேட்கிறேன். தனி மனிதரை மதிக்கிறேன். ஆனால் "ராணுவம் ஜனநாயகம் தந்தது" என்று பொதுவாக எழுதி ஒரு பெரிய தூண் எழுப்பினால் அதை ஏற்க மாட்டேன். அன்று வானொலியில் "வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்" என்று ராணுவம் திரும்பத் திரும்பச் சொல்லியும் மக்கள் வெளியே வந்தார்கள் இல்லையா? அவர்கள் வராமல் இருந்திருந்தால் அது வெறும் ஆட்சிக் கவிழ்ப்பாகவே நின்றிருக்கும். அவர்களுக்குத் தூண் எங்கே?

---

பழையரேடியோ எழுதியது:

ஐயா, இது நல்ல கேள்வி. அன்று கார்மோ சதுக்கம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் 1755 பூகம்பத்தில் கூரை இடிந்த பழைய மடாலயக் கோயில். அதை ஒட்டிப் போலீஸ் தலைமையகம். சின்ன இடம். அதில் கவச வண்டிகள், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சனம். மரத்தின் மேலே ஆட்கள், நீரூற்று மண்டபத்தின் மேலே ஆட்கள், காவல் கூண்டின் கூரையில்கூட ஆட்கள். வீட்டுக்காரர்கள் சிப்பாய்களுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். செலஸ்டே கையெய்ரோ என்ற உணவகத் தொழிலாளிப் பெண்மணி கையில் இருந்த சிவப்புக் கார்னேஷன் பூவை ஒரு சிப்பாய்க்குக் கொடுத்தார். உணவகத்தின் ஆண்டு விழாவுக்கு வாங்கி வைத்த பூ, கடை திறக்காததால் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். சிப்பாய் கேட்டது சிகரெட், அவரிடம் இருந்தது பூ. புரட்சிக்கே அந்தப் பூவின் பெயர் வந்துவிட்டது. 2024 நவம்பரில் 91 வயதில் அவர் இறந்தார்.

கேட்டானோ உள்ளே இருந்துகொண்டு, ஆட்சி தெருவில் விழுந்துவிடக் கூடாது, ஒரு ஜெனரலிடம்தான் கொடுப்பேன் என்றார். அப்படித்தான் ஸ்பினோலா வந்தார். மாலையில் கவச வண்டி ஒன்றில் கேட்டானோவை ஏற்றி வெளியே கொண்டுவந்தபோது சனம் அடித்தே கொன்றிருக்கும். மாயாவின் ஆட்கள் வழி விலக்கிப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். அவர் பிரேசிலுக்குப் போய் 1980-இல் தன் சாவில் செத்தார். பழிவாங்கல் கிடையாது.

மக்களுக்குத் தூண் எங்கே என்றீர்கள். ஒரு பலகை இருக்கிறது, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில். அன்று ராத்திரி ரகசியப் போலீஸ் தலைமையகத்தின் முன்னால் கூடிய கூட்டத்தின் மேல் உள்ளேயிருந்து சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். ரத்தம் சிந்தாத புரட்சி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அந்த நான்கு பேரின் பெயர்கள் அந்த அன்டோனியோ மரியா கார்டோசோ தெருச் சுவரில் இருக்கின்றன. கட்டடம் இப்போது ஆடம்பரக் குடியிருப்பு. ரகசியப் போலீசின் தலைமையகத்தை நினைவகமாக்காமல் விற்றது பெரிய தப்பு என்பது என் கருத்து.

---

வடக்குமாசி எழுதியது:

ஸ்பெயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலைப் பார்த்து, 1974-இல் பார்சிலோனாவில் ஒரு சின்ன அதிகாரிகள் குழு ரகசியமாக ஜனநாயக ராணுவச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியது. சர்வாதிகாரி பிராங்கோ இன்னும் உயிரோடு இருந்த காலம். அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கவே நினைக்கவில்லை. ஜனநாயகம் வரும்போது ராணுவம் குறுக்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். 1975 ஜூலையில் பிடிபட்டார்கள். ஒன்பது பேருக்குத் தண்டனை, ராணுவத்திலிருந்தும் நீக்கம். 1977 பொதுமன்னிப்பில் சிறைவாசம் தீர்ந்தது, வேலை திரும்பவில்லை. ஜனநாயகம் வந்த நாட்டில், ஜனநாயகம் கேட்ட ராணுவத்தானுக்குச் சீருடை இல்லை! 1986-இல்தான் சட்டம் போட்டு உரிமையைத் திருப்பினார்கள். பதக்கம் கிடைத்தது 2010-இல். அதற்குள் சிலர் உயிரோடு இல்லை.

துப்பாக்கியே எடுக்காத இந்த மாதிரி ஆட்களுக்குச் சின்னம் வைப்பதில் ஓய்வுபெற்றவன் ஐயாவுக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

---

ஓய்வுபெற்றவன் எழுதியது:

இல்லை. இவர்களுக்கு முதல் கல்லை நானே எடுத்து வைப்பேன்.

---

காவிரிக்கரையான் எழுதியது:

ஐயா பெரிய தூண் பற்றிச் சொன்னார். அப்படி ஒன்றும் லிஸ்பனில் இருக்கிறது. எட்வர்டோ ஏழாம் பூங்காவின் உச்சியில், சிற்பி ஜோவாவ் குட்டிலெய்ரோ செய்த ஏப்ரல் 25 நினைவுச்சின்னம், 1997-இல் திறந்தது. கரடுமுரடான கற்கள், நடுவே நிமிர்ந்த தூண். திறந்த நாளிலிருந்து அதைப் பற்றி ஊரில் சண்டை. பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அது எட்டவில்லை. அதில் முகமோ பெயரோ சம்பவமோ இல்லை. சலசார் பெயரில் 1966-இல் திறந்த பெரிய தொங்கு பாலத்துக்கு ஏப்ரல் 25 பாலம் என்று பெயர் மாற்றினார்களே, அது இதைவிட நல்ல நினைவுச்சின்னம். தினமும் சனம் அதன் மேல் வேலைக்குப் போகிறது.

லிஸ்பனை ஒட்டிய பொன்டின்யாவில் அந்தக் கேப்டன்களின் கட்டளை மையம் இருந்த அறையையும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சன்னல்களைப் போர்வையால் மறைத்துக்கொண்டு, சுவரில் வரைபடத்தை ஒட்டிவைத்து, சில தொலைபேசிகளோடு ஒட்டெலோவும் நாலைந்து அதிகாரிகளும் ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தார்கள். ஒரு சர்வாதிகாரத்தைக் கவிழ்க்க இவ்வளவுதான் இருந்ததா என்று வியப்பாக இருக்கிறது.

பழையரேடியோ சொன்னதை வழிமொழிகிறேன்: சுட மறுத்தவர்களுக்கு ரிபெய்ரா தஸ் நாவுஸ் சாலையிலேயே, டாங்கி நின்ற இடத்திலேயே ஒரு கல் வேண்டும். நெய்தல் சொன்ன கினியும் அதில் எழுதப்பட வேண்டும்.

---

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இழை முழுவதும் படித்தேன். வேலை விஷயமாக அடுத்த மாதம் லிஸ்பன் போகிறேன், ஒரு பகல் மட்டும் ஓய்வு கிடைக்கும். எதை முதலில் பார்ப்பது?

---

பழையரேடியோ எழுதியது:

பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் கார்மோ சதுக்கம் கிட்டத்தில்தான். கல்லைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து அன்டோனியோ மரியா கார்டோசோ தெருவுக்கு நடந்து, அந்த நான்கு பெயர்களையும் படியுங்கள். அப்புறம் ஆற்றை நோக்கி இறங்கினால் ரிபெய்ரா தஸ் நாவுஸ். நேரம் இருந்தால் பெரிய தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கும் அல்ஜூபே சிறை அருங்காட்சியகம். அரசியல் கைதிகளை அடைத்து வைத்த ஒடுக்கமான அறைகளைக் காட்டுவார்கள். திங்கட்கிழமையில் போகாதீர்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

---

ஆசிரியை_மதுரை எழுதியது:

தம்பி, அல்ஜூபேயை முதலில் பாருங்கள், கார்மோவைக் கடைசியில். எதை முடித்து வைத்தார்கள் என்று தெரிந்த பிறகு கல்லைப் பார்ப்பதுதான் முறை. படம் எடுத்தால் இங்கே போடுங்கள், வகுப்பில் காட்ட வேண்டும்.